முதுகில் வாங்கிய காற்று

– இந்தா ராத்தா, மச்சான் மறுகாவும் பிளேனப் போட்டடிச்சிட்டாரு. இது மூணாவது பிளேன்.

– நீ வாயப் பொத்து கபூர். விசயத்தக் கேளு, இந்த விளையாட்டு மிசினுட பட்டன் இறுகிக் கிடக்கு. அமத்தினா உடன கேக்குதில்ல.

– பட்டன் சரியாத்தான் இரிக்கி. நீங்க அனுப்பி எட்டு மாசமா நான் அமத்திறன். நீங்க வந்த பக்கம்தான் பிழை.

– என்ன பக்கம் புள்ள? ஓடுபாதை நேரா முன்னுக்குத் தெரிஞ்ச. நேரா வந்து இறக்கின.

– நேரா வந்தீங்க, ஓம். காத்தப் பாத்தீங்களா? ரீவியில மேல இரிக்கிற நம்பரப் பாருங்க. தொண்ணூறு. தொண்ணூறு எண்டா காத்து கிழக்கால இருந்து வருது. நீங்களும் கிழக்கால இருந்துதான் வந்தீங்க. காத்து முதுகில நிண்டு தள்ளத் தள்ள பிளேன் எப்பிடி நிக்கும்? ஓடுபாதை முடிஞ்சு அங்கால புல்லுக்குள்ள போயிட்டு.

– புல்லா அது? நான் கடலெண்டு நினைச்ச.

– பச்சையா இரிக்கி மச்சான். கடல் எங்கயும் பச்சையா கிடக்கா?

– ஆழம் கூடின இடத்தில பச்சைதான் கபூர். சரி, அத விடு. இஞ்ச தா, இன்னொரு தரம் பாப்பம்.

– நீங்க இருங்க. முதல்ல தம்பி ஒருக்கா இறக்கட்டும். தம்பி, இந்தா, காத்து அதே தொண்ணூறுதான். எந்தப் பக்கத்தால வந்தாலும் உன்ட விருப்பம்.

– எனக்கென்ன ராத்தா, நான் வெள்ளிக்கிழமைக்குப் பொறகு உண்மையான பிளேனையே இறக்கப்போற ஆள். மச்சான் ஏர்போட் கோபுரத்தில இருந்து சொல்ல, நான் பக்கத்தில இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். இந்தா பாரு, இப்பிடி வளைச்சு, இப்பிடி வந்து... அட.

– போயிட்டா?

– போயிட்டு. புல்லையும் தாண்டிப் போயிட்டு.

– நீயும் கிழக்கால வந்துதான் இறக்கினாய்.

– மச்சானப் பாத்துச் செஞ்ச ராத்தா. பெரிய ஆக்கள் பிழை விடுவாங்க எண்டு நான் கண்டனா?

– சரி, தள்ளு. இப்ப ரெண்டு பேரும் பாருங்க. காத்து கிழக்கால இருந்து வருதெண்டா நான் பிளேன மேற்கால சுத்திக் கொண்டுபோறன். அங்க இருந்து கிழக்கப் பாத்து வாறன். காத்து முகத்தில அடிக்குது. அடிக்க அடிக்க பிளேனுட வேகம் தானா அடங்குது. இந்தா, சக்கரம் முட்டிற்று. இந்தா, நிண்டிட்டு. பாதி ஓடுபாதை இன்னும் மிச்சம்.

– வல்லாஹி, நீ பெரிய ஆள்தான் புள்ள.

– இதுல பெரிய ஆள் எண்டு ஒண்டுமில்ல. மதிலில காகம் இறங்கிறதப் பாத்திரிக்கீங்களா? காத்துக்கு முகம் குடுத்துத்தான் இறங்கும். மத்தப் பக்கத்தால வந்தாலும் கடைசியில ஒருக்கா கிறுகித் திரும்பித்தான் கால வைக்கும். இந்த மிசின் புத்தகத்தப் படிச்சாப் பொறகுதான் நான் காகத்தையே பாத்த.

– புத்தகம் இங்கிலீசில எல்லோ கிடந்த?

– யூஜினி டீச்சர் வாசிச்சுத் தமிழில சொன்னா. நான் கொப்பியில எழுதின. பாடம் பாடமா, நாப்பத்திமூணு பக்கம். பின்னேரத்தில அசர் தொழுதிட்டு அவட ஊட்ட போவன், மஃரிபுக்கு முந்தி வந்திருவன்.

– உனக்கு எதுக்குகா இந்தக் கரைச்சல்? பொழுதுபோக்கா விளையாடட்டும் எண்டுதானே அனுப்பின.

– எதுக்கெண்டு பொறகு சொல்றன். இப்ப ஒண்டொண்டாக் கேக்கன், நீங்க ஒண்டொண்டாச் சொல்லுங்க. காத்து இருநூத்தி எழுபது எண்டு காட்டினா எங்க இருந்து வருது?

– என்ன புள்ள, பரீட்சை வைக்கிறியா?

– ஓம் மச்சான், பாஸ் பண்ணாட்டி அண்டைக்குச் சோறு இல்ல.

– நீ சும்மா இரு தம்பி. சொல்லுங்க. இருநூத்தி எழுபது.

– அது... விசயத்தக் கேளு, அங்க சார்ஜாவில நாங்க நம்பரில கதைக்கிறல்ல. அறபியில சொல்லுவாங்க. ஷமால் எண்டா வாடை. அப்பிடி.

– சரி. நம்பர் வேணாம். மேற்கால இருந்து கச்சான் அடிக்குது. நல்லா அடிக்குது. நீங்க கோபுரத்தில இருக்கிறீங்க, ஒரு பிளேன் வருது. எந்தப் பக்கத்தால இறங்கச் சொல்லுவீங்க?

– கச்சான் எண்டா அவன் கரையில இருந்து வெளிய தள்ளுற ஆள். அவனோட மல்லுக்கட்டேலாது. அவன் போற போக்கில போய்... ம்... கொஞ்சம் அடங்கினாப் பொறகு...

– அடங்கும் வரைக்கும் பிளேன் மேல நிக்குமா?

– இறக்கிறது பைலட்டுட வேல புள்ள. நான் காத்து எங்கால எண்டு மட்டும்தான் சொல்றது.

– அப்பிடியா? கொஞ்சம் இருங்க. தம்பி, அந்த பிஸ்கட் ரின்ன எடு. ஓம், அலுமாரிக்கு மேல. இந்தா, ஏழாம் நம்பர்க் கடிதம். எண்பத்தொண்டு நவம்பர். நானே வாசிக்கன். "அன்புள்ள மனைவி சுஹறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு சுகம். நீரும் மாமியும் தம்பியும் சுகமென நம்புகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு விமான நிலையத்தின் கோபுரத்தில் வேலை கிடைத்துள்ளது. காற்றின் திசையைப் பார்த்து விமான ஓட்டிகளுக்கு அறிவிப்பது என் பொறுப்பு. இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆகவே நீர் நிம்மதியாக உறங்கலாம்."

– அதத்தானே நானும் சொன்ன. காத்தச் சொல்றது மட்டும்தான் என்ட வேல.

– முப்பத்தோராம் கடிதம், எண்பத்துமூணு. "இன்று மத்தியானம் காற்று மாறியது. வந்துகொண்டிருந்த விமானங்கள் எல்லாவற்றையும் ஓடுபாதையின் மறுமுனைக்குத் திருப்பி அனுப்பினேன். இறங்கிய பின் ஒரு விமானி எனக்கு நன்றி சொன்னார்." இதுல திருப்பினது நீங்க. எந்த முனைக்குத் திருப்பினீங்க?

– எண்பத்துமூணில நடந்தத இப்பக் கேட்டா?

– நாள் ஞாபகம் வேணாம். முறை ஞாபகம் இரிக்கும்தானே. தோணி தள்ளப் பழகின ஆள் அதை மறக்கிறல்ல. சைக்கிள் ஓடினவன் மறக்கிறல்ல. ஒரு நாளைக்கு எத்தின பிளேன் எண்டு எழுதியிரிக்கீங்க?

– ராத்தா, மச்சான் ஓய்வா இருக்க வந்த. விடன் இத.

– உனக்கு ஏன்டா வேர்க்குது? பேன் சுத்துது.

– விசயத்தக் கேளு சுஹறா. இது விளையாட்டுச் சாமான். சின்னப் பிள்ளையளுக்குச் செஞ்ச. உண்மைக்கும் இதுக்கும் தொடர்பில்ல. காத்து முகத்தில அடிச்சா ஒண்டும் முன்னுக்கு வராது. காத்து பின்னால இருக்கணும். பாயில காத்து விழாட்டி எப்பிடிக் கரையேர்ற?

– ஆ.

– என்ன ஆ?

– பிளேனுக்கு ஏதுங்க பாய்?

– நான்... பழைய பழக்கத்தில வந்திட்டு. வாய் தவறின சொல்லு.

– வாய் தவறல்ல. கை தவறின. மூணு தரமும் தோணியத்தான் கொண்டு வந்தீங்க. பின்னேரம் கடலால வாற கொண்டல் காத்த முதுகில வாங்கிக்கொண்டு பாயோட கரைக்கு வாற மாதிரி. கல்முனைக் கடக்கரையில பொறந்த ஆளுக்கு அது வரும், நான் இல்லெங்கல்ல. ஆனா அஞ்சு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிண்டு பிளேன் இறங்கிறதப் பாத்திருந்தா இந்தக் கை கிறுகியிருக்கும்.

– சந்தேகப்படுறியா என்னில?

– இன்னும் இல்ல. கையக் காட்டுங்க.

– என்னத்துக்கு?

– காட்டுங்க. வலது கை. விரல விரியுங்க. இது என்ன வெட்டு?

– போன முறையும் கேட்டாய். உடுப்புக் காயப்போடுற கம்பி இழுத்தது.

– போன முறை இந்த விரலில கிடந்த. இப்ப இந்த ரெண்டு விரலிலயும் கிடக்கு, பச்சை ஆறல்ல. சுட்டுவிரலுட இந்த மடிப்பில. கம்பி இந்த இடத்தில வெட்டாது. தங்கூசித் தூண்டிலில பெரிய மீன் இழுக்கக்குள்ளதான் இந்த இடம் அறும். நான் எப்பிடிக் கண்ட எண்டு கேக்கல்லயா?

– சுஹறா...

– எங்கட மூத்தவர் மீராசா காக்காட கையில இதே இடத்திலதான் கிடந்த. நான்தான் மஞ்சள் அரைச்சுப் பூசிவிடுற. எழுபத்தெட்டுப் புயலுக்குள்ள கடலுக்குப் போன அண்டும் பூசித்தான் அனுப்பின. உங்கட தோணியிலதான் போன. நீங்க வந்தீங்க. காக்கா வரல்ல.

– அத இப்ப எடுக்காத புள்ள. அது அல்லாட நாட்டம்.

– காக்கா மவுத்தான பழிய நான் உங்களில போடல்ல. ஒரு நாளும் போடல்ல. நாப்பது நாள் நான் வாய் திறக்காமக் கிடந்த. அண்டையிலிருந்து மீனும் தின்றல்ல. பொறகு உங்கள எனக்குக் கலியாணம் பேசி வரக்க நான் கேட்டது நகையுமில்ல, ஒண்டுமில்ல. கடலில இனிக் கால் வைக்க மாட்டன் எண்டு ஒரே ஒரு சொல்லு. குர்ஆனில கைய வெச்சு நீங்க சொன்னீங்க. அதுக்குப் பொறகுதான் நான் ஓம் எண்ட. இப்ப கேக்கன். அங்க என்ன வேல செய்யிறீங்க?

– கபூர், நீ கொஞ்சம் வெளிய போ.

– அவன் இருக்கட்டும். வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுதிட்டு கொழும்பு பஸ் ஏறி உங்களோட வரப்போறவன் அவன்தான். அவனும் கேக்கணும். சொல்லுங்க.

– லாஞ்சி.

– தெளிவாச் சொல்லுங்க.

– மீன்பிடி லாஞ்சி. சார்ஜாவில. மிசின் போட்ட பெரிய வள்ளம். கலாஸ், முடிஞ்சுது, சொல்லிட்டன்.

– எத்தின வருஷமா?

– நான் போன முதல் நாளில இருந்து. ஏர்போட் வேலை எண்டு சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் கொண்டுபோன, அது வல்லாஹி உண்மை. இறங்கின அண்டே பாஸ்போட்ட வாங்கிட்டு துறைமுகத்தில விட்டிட்டான். அப்ப கிறுகி வர வழியில்ல. எனக்குத் தெரிஞ்ச வேலையும் அதுதான்.

– அப்ப கோபுரம்? கடிதத்தில இரிக்கிற விமானி?

– அறையில எங்களோட பொத்துவில் பக்கீர் முகைதீன் இருக்கான். ஏர்போட்டில கூட்டுற வேலை. ராவைக்குச் சோறு தின்னக்க கோபுரத்தப் பத்திக் கதைப்பான். அவன் கதைச்சத நான் எழுதின.

– கூட்டுறவனும் பிளேன் எந்தப் பக்கம் இறங்குதெண்டு சொல்லித் தரல்லயா?

– நான் கேக்கல்ல.

– கேக்கல்ல. நான் கேட்ட. தெரியாத வீட்டுப் படலையத் தட்டி ஒரு டீச்சரிட்டக் கேட்ட. நாப்பத்திமூணு பக்கம் எழுதினது எதுக்கெண்டு கேட்டீங்களே. நீங்க வந்தா உங்களோட உங்கட வேலையப் பத்திக் கதைக்கத்தான். வாறவர் களைச்சு வருவாரு, இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது, நானாவது விளங்கிக் கேப்பம் எண்டு.

– யா அல்லாஹ். நான் இந்த மிசின அனுப்பினதே நீ நம்பணும் எண்டுதான் சுஹறா. சந்தையில கிடந்த. இதையும் கண்டா உன்ட மனசில ஒரு சந்தேகமும் வராதெண்டு நினைச்ச. நீ புத்தகத்தத் திறப்பாய் எண்டு நான் நினைக்கல்ல.

– ஓம். என்னைப் பத்தி அவ்வளவுதான் நினைச்சிரிக்கீங்க.

– ஒரு பொய்தான் புள்ள. முதல்ல உண்மையை எழுதத்தான் இருந்த. பேனையை எடுத்தா, நீ அந்த நாப்பது நாள் கிடந்த கிடைதான் கண்ணுக்குள்ள வந்த. மத்ததெல்லாம் அந்த ஒண்டுக்குப் பொறகு வந்த.

– ஒண்டில்ல. அறுபத்திநாலு. நம்பர் போட்டு அடுக்கி வெச்சிரிக்கன். காத்து உரக்க அடிக்கிற நாளெல்லாம் ஏழாங் கடிதத்த எடுத்து வாசிச்சிட்டுத்தான் படுப்பன். கடல் தெரியாது எண்டு. நிம்மதியா உறங்கலாம் எண்டு. நான் உறங்கின. நீங்க அந்த நேரம் நடுக்கடலில.

– மாப்புக் கேக்கன்.

– அத அல்லாவிட்டக் கேளுங்க, குர்ஆனிலதான் கை வெச்சீங்க. எனக்கு மத்ததச் சொல்லுங்க. தம்பிக்கு எடுத்த விசா என்ன வேலைக்கு? கோபுரத்தில உதவியாளர் எண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன். சொல்லுங்க.

– லாஞ்சிக்குத்தான்.

– கடல் காக்காவக் கொண்டுபோனது பத்தாதா? இவன் கடல் தண்ணியில முகம் கழுவினவனில்ல. அஞ்சு வருஷமா பேக்கரியில மாப் பிசையிறவன். ஒவ்வொரு நாளும் காலைக்கு எனக்கொரு றாத்தல் பாண் கொண்டுவந்து தாறவன். இவனக் கொண்டுபோய் வலை இழுக்க விடப் போறீங்க. தம்பி, கேட்டியா? நீ போகல்ல. வெள்ளிக்கிழம இல்ல, எந்தக் கிழமையும் இல்ல.

– கேட்டன் ராத்தா.

– என்ன கேட்டன்? கோபம் வரல்லயா உனக்கு? உன்னையும் எல்லோ ஏமாத்தியிரிக்காரு.

– வருது.

– வரல்ல. நீ திடுக்கிடவும் இல்ல. லாஞ்சி எண்டு சொல்லக்க நான் உன்ட முகத்தத்தான் பாத்த. உனக்கு முன்னமே தெரியும்.

– மச்சான் சொன்ன. போன வருஷம்.

– போன வருஷம் தெரிஞ்சும் என்னோட கதைச்சுச் சிரிச்சிரிக்காய். பிளேனுக்குத் தேத்தண்ணி ஊத்துவன் எண்டு... இரு. ஒண்டொண்டா வரட்டும். அவர் ஏன் உனக்கு மட்டும் சொன்ன?

– நான்தான் எழுதிக் கேட்ட. என்னையும் எடுங்க எண்டு.

– மாப் பிசையிறவன் எதுக்கு வள்ளத்துக்குக் கேக்கிறாய்?

– ராத்தா, விடன்.

– மிசின இஞ்ச திருப்பு. நீ இப்ப என்ன செஞ்சாய்? காத்து கிழக்க. நீயும் கிழக்கால வந்து, காத்த முதுகில வாங்கித்தான் இறக்கினாய். மச்சானப் பாத்துச் செஞ்ச எண்டாய். அவரப் பாத்துச் செய்யிறவன் கொஞ்சம் தடுமாறுவான். நீ தடுமாறல்ல. பட்டனப் பாக்காம, யோசிக்காம, நேரா வளைச்சுக் கொண்டுவந்தாய். கடலக் காணாதவன் அந்த வளைவ ஆருட்டப் படிச்சாய்?

– கபூர், சொல்லாத.

– நீங்க வாயத் திறக்காதீங்க. தம்பி, நீ பேக்கரிக்குப் போறியா?

– போறன்.

– எதுக்கு?

– பாண் வாங்க. கரைக்கு வந்து, பள்ளிக் கிணத்தில குளிச்சு, உடுப்ப மாத்தி, ஒரு றாத்தல் சூடா வாங்கிக்கொண்டு வாறன். நீ மீன் மணம் பிடிப்பாய் எண்டுதான்.

– எப்ப இருந்து?

– மூணு வருஷம். அதுக்கு முந்தி பேக்கரியிலதான் நிண்ட, அது பொய்யில்ல. எனக்கு அங்க ஏலா ராத்தா. அடுப்படியில நிண்டா மூச்சு முட்டுது. கடலில முட்டுதில்ல.

– மூணு வருஷமா நான் அந்தப் பாணத் தின்னிரிக்கன்.

– சுஹறா, இரு புள்ள. எங்க போறாய்?

– எங்கயும் போகல்ல. ரெண்டு பேரும் எனக்கு முன்னுக்கே இருங்க. தம்பி, உம்மாவக் கூப்பிடு.

– வேணாம் சுஹறா. மாமிக்குச் சொல்லாத. விசயத்தக் கேளு, ஒரு புள்ளையக் கடலுக்குக் குடுத்த மனுசி. கேட்டா அடுப்படியிலயே விழுந்திருவா. எனக்கு என்ன தண்டனையும் தா, நான் வாங்கிறன். அவவுக்குச் சொல்லாத.

– உங்களுக்குத் தண்டனை தர எனக்கு நேரமில்ல. தம்பிட பாஸ்போட் உம்மாட பெட்டகத்துக்குள்ள கிடக்கு. ஏர்போட் வேலை எண்டு நம்பித்தான் அவ அத பட்டுத் துணியில சுத்தி வெச்சிரிக்கா. அவன் கொண்டுபோக எண்டு குசினிக்குள்ள அரிசிமா வறுக்கிறா, உங்களுக்கு மணம் வருதில்லயா? கேட்ட உடன அந்தப் பாஸ்போட்ட அடுப்புக்குள்ள போடுவா. விழுந்தா நான் தாங்கிப் பிடிப்பன்.

– மாமி பாவம்கா.

– அவவத் தவிர எனக்கு ஆரு இரிக்கா இப்ப? இந்த ஊட்டுல எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவதான். கூப்பிடு தம்பி.

– ராத்தா.

– கூப்பிடு எண்ட.

– கூப்பிட்டு என்னத்தச் சொல்லப் போறாய்? மூணு வருஷமா சுபஹுத் தொழுகைக்கு முந்தி எழும்பி, தோணிக்குக் கொண்டுபோக எனக்குச் சோறு கட்டித் தாறதே உம்மாதான்.